பாலத்தில் நடப்பவர்கள் எந்தப் பக்கம் போகிறார்கள்

வரலாறும் கலை வரலாறும் சேர்த்துப் படிக்கிற பட்டப்படிப்பு எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒன்று உண்டு. அதில் படிப்பது நான். 'படிப்பவர்கள்' என்று எழுத எனக்கும் ஆசைதான். முதல் வருடம் இரண்டு பேர் இருந்தோம். மற்றவள் முதல் பரீட்சை முடிந்த கையோடு கணக்கியலுக்கு மாறிவிட்டாள். இப்போது வழியில் பார்த்தால் துக்கம் விசாரிக்கிற குரலில் "எப்படி இருக்கே" என்று கேட்கிறாள்.

வரலாற்றுத் துறை இரண்டாம் மாடியில், கலை வரலாறு மூன்றாம் மாடியில். இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. பகை என்று சொல்ல முடியாது, பகைக்கும் கொஞ்சமாவது பேசியாக வேண்டும். கீழ்மாடிக்காரர்களைப் பொறுத்தவரை மேல்மாடிக்காரர்கள் படம் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவர்கள். மேல்மாடிக்காரர்களைப் பொறுத்தவரை கீழே இருப்பவர்களுக்குக் கண் என்று ஒன்று இருப்பதே தெரியாது. நான் கீழே போனால் "உங்க மாடியில என்ன சொல்றாங்க?" என்பார்கள். மேலே போனாலும் அதே கேள்விதான். மூன்று வருடமாக எனக்கென்று ஒரு மாடி கிடையாது, படிக்கட்டுதான்.

கீழே துறைத்தலைவர் ஒரு மேடம். யார் எதைச் சொன்னாலும் "ஆதாரம் எங்கே?" என்பார். வெளியே மழை மேடம் என்று சொன்னவனிடமும் கேட்டிருக்கிறார். அதனால் மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் ஆதாரம். மேலே துறைத்தலைவர் ஒரு சார். ஒரு படத்தைக் காட்டி, "உத்துப் பாரு. ஒரு மணி நேரம் எதுவும் எழுதாதே" என்று சொல்லிவிட்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொள்வார். அவர் பெயர் உத்துப்பார். முதல் நாள் அவர் வகுப்பில் எனக்குத் தூக்கம் வந்தது. இரண்டாம் நாள் எரிச்சல் வந்தது. மூன்றாம் நாள் ஒரு தட்டிலிருந்த பழத்தில் ஈ உட்கார்ந்திருப்பது தெரிந்தது. ஈயைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து நான் இந்தப் படிப்பை விடவில்லை. அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் செய்ததெல்லாம் பிடிக்காமல் செய்தது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

எலியும் பூனையுமான இரண்டு மாடிக்கும் கூட்டாக ஒரு படிப்பு எப்படிப் பிறந்தது என்றால், ஒரே ஒரு படத்தால்.

இங்கிருந்து காரில் அரை நாள் தூரத்தில் ஆற்றங்கரையில் ஒரு ஊர் இருக்கிறது. ஆற்றுக்குக் கிழக்கே ஊர். மேற்கே அந்தக் காலத்தில் வெறும் மேட்டு நிலம். நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் பெருவெள்ளம் வந்து ஊரே மூழ்கியது. அதைக் கண்ணால் பார்த்த ஓவியர் ஒருவர் பின்னாளில் ஒரு படம் வரைந்தார். ஆற்றுக்குக் குறுக்கே மரப்பாலம், பாலம் நிறைய ஜனங்கள், தலையில் மூட்டை முடிச்சு, தோளில் கழற்றிய கதவுகள், ஜன்னல்கள், ஒரு தொட்டில்கூட. பின்னால் ஒரு குன்று. ஊர் படத்தில் இல்லை, அது சட்டத்துக்கு வெளியே இருக்கிறது. குன்று வடக்கே இருந்தது என்று பழைய வரைபடங்கள் சொல்கின்றன. நேரில் போய்ப் பார்க்க முடியாது, குன்றை எப்போதோ உடைத்து ரோட்டுக்கு ஜல்லியாகப் போட்டுவிட்டார்கள்.

குன்றைப் பார்த்து நின்றால் முகம் வடக்கே. வலது கைப் பக்கம் கிழக்கு, ஊர். இடது கைப் பக்கம் மேற்கு, மேட்டு நிலம். படத்தில் அத்தனை பேரும் இடது பக்கம் நடக்கிறார்கள். ஆக, ஊரைவிட்டுப் போகிறார்கள். இதில் குழப்பமே இல்லை.

ஆதாரம் மேடம் இதை வைத்து ஒரு புத்தகம் எழுதினார். கதவைக் கழற்றிக்கொண்டு போகிறவன் திரும்பி வருகிற எண்ணத்தில் போகவில்லை. ஆகவே பழைய ஜனங்கள் போனது போனதுதான், இன்றைக்கு அந்த ஊரில் இருப்பவர்கள் வெள்ளத்துக்குப் பிறகு எங்கிருந்தோ வந்து குடியேறியவர்கள். வெள்ளத்துக்கு முந்தைய வரிப் பதிவேட்டிலும் பிந்தைய பதிவேட்டிலும் அதே குடும்பப் பெயர்கள்தானே இருக்கின்றன என்று ஒருவர் கேட்டார். காலி வீடுகளுக்கு வந்தவர்கள் வீட்டோடு சேர்த்து வீட்டுப் பெயரையும் எடுத்துக்கொண்டார்கள் என்று மேடம் பதில் சொன்னார். கேட்டவர் உட்கார்ந்துவிட்டார்.

உத்துப்பார் சாரும் ஒரு புத்தகம் எழுதினார். நாம் இடமிருந்து வலமாக வாசிக்கிறவர்கள். இந்த ஜனங்கள் வாசிப்புக்கு எதிர்த்திசையில் நடக்கிறார்கள், அதனால்தான் பார்க்கும்போதே கால் கனக்கிறது, மனம் வராமல் போகிறார்கள் என்பது தெரிகிறது. நடுவில் ஒரு பெண் தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்கிறாள். அது ஊரைப் பார்க்கிற கடைசிப் பார்வை. அந்தப் பார்வைக்கு மட்டும் ஒரு முழு அத்தியாயம். படத்துக்கு 'வெளியேற்றம்' என்று பெயர் வைத்ததும் அவர்தான்.

மேடம் தன் புத்தகத்தில் சாரை மேற்கோள் காட்டினார். சார் அடுத்த பதிப்பில் மேடத்தை மேற்கோள் காட்டினார். ஒரு கருத்தரங்கில் இருவரும் ஒரே மேடையில் தலையாட்டினார்கள். அந்த அபூர்வக் காட்சியைப் பார்த்துப் புல்லரித்துப்போன நிர்வாகம் உடனே கூட்டுப் படிப்பு ஒன்றைத் தொடங்கிவிட்டது.

கூட்டுப் படிப்பின் கடைசி வருட ஆய்வேட்டில் இரண்டு துறைத்தலைவர்களும் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு கையெழுத்து குறைந்தாலும் பட்டம் கிடையாது. இரண்டு பேரும் கையெழுத்துப் போடக்கூடிய ஒரே விஷயம் அந்தப் படம்தான். அதனால் எனக்கு முன்னால் படித்தவர்கள் எல்லாரும் அதைப் பற்றியே எழுதினார்கள். நானும் அதையே எடுத்துக்கொண்டேன். பட்டத்தை வாங்கிக்கொண்டு வெளியே போனால் போதும் என்றிருந்தது.

மாட்டியது படத்தின் அளவில். ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் படத்தின் நீள அகலம் எழுத வேண்டும். மேடத்தின் புத்தகத்தில் ஒரு அளவு, சாரின் புத்தகத்தில் வேறு அளவு. எதை எழுதினாலும் ஒரு மாடி கோபித்துக்கொள்ளும். போய் அளந்துவிடலாம் என்று மேலே போய்ச் சாரிடம் கேட்டேன்.

"படம் எங்க சார் இருக்கு?"

"அந்த ஊர் நீர்வாரிய ஆபீஸ்ல. மீட்டிங் ரூம்ல மாட்டியிருக்காங்களாம்."

"நீங்க பாத்திருக்கீங்களா?"

"நான் புத்தகம் எழுதினப்ப அது ஒரு குடும்பத்துக்கிட்ட இருந்தது. சொத்து வழக்கு. உள்ள விடல. ஒரு ஸ்லைடு மட்டும் எடுத்து அனுப்பினாங்க" என்றார். "அப்புறம் பாக்க என்ன இருக்கு? கண்ணை மூடினா எனக்கு அந்தப் படம் தெரியும்மா."

ஆதாரம் மேடமும் பார்த்ததில்லை. படம் பார்ப்பது மேல்மாடி வேலை என்றார்.

நான் சித்தி வீட்டில் தங்கிப் படிக்கிறேன். அம்மாவும் அப்பாவும் வேலை நிமித்தம் வேறு ஊரில் இருக்கிறார்கள். சித்தி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பள்ளி நடத்துகிறாள். அவளுடைய காரில் கற்றுக்கொள்கிறவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்காரும் அவளுக்கு ஒரு பிரேக். உலகத்தில் பாதிப் பேருக்கு இடது வலது தெரியாது என்பது அவளுடைய தொழில் அனுபவம். அந்தப் பாதியில் பெரிய மனிதர்கள் அதிகம் என்பாள். நீர்வாரிய ஆபீசுக்குப் போக வேண்டும் என்றதும் உடனே கிளம்பினாள், ஏனென்றால் அது அவளும் அம்மாவும் பிறந்து வளர்ந்த ஊர். நான் ஓட்டினேன். சித்தி தன் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே வந்தாள்.

ஊருக்குள் நுழைகிற பாலத்தருகே பெரிய பலகை: 'வந்தோரின் ஊர் உங்களை வரவேற்கிறது.'

"நாங்க சின்னப் பிள்ளையா இருந்தப்பவே இருக்குடி இது," என்றாள் சித்தி. "ஸ்கூல் புத்தகத்துலயும் பாடம் இருந்துச்சு. நாம எல்லாரும் எங்கேயிருந்தோ வந்தவங்கன்னு. எங்கேயிருந்துன்னு வாத்தியாரக் கேட்டேன். வெளிய போய் முட்டி போடுன்னாரு."

அந்தப் பாடம் மேடத்தின் புத்தகத்திலிருந்து எடுத்தது. நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

நீர்வாரிய ஆபீசில் மீட்டிங் அறையைத் திறந்து விட்டார்கள். நீளமான மேசை, சுற்றி நாற்காலிகள், ஓரத்தில் தண்ணீர் வராத தண்ணீர் மெஷின். சுவரில் படம்.

முதல் பார்வையில் யாரோ அதைப் பார்த்துத் தப்பாக வரைந்த நகல் என்றுதான் நினைத்தேன். ஜனங்கள் வலது பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள்.

மூன்று வருடமாக அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேன். இருட்டறையில், திரையில், ஆள் உயரத்துக்கு. ஒவ்வொரு முகமும் தெரியும். எல்லாம் அதே முகங்கள்தான், எல்லாம் எதிர்ப்பக்கம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"என்னடி ஆச்சு?"

"படம் திரும்பியிருக்கு சித்தி."

சித்தி படத்தின் சட்டத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். "நேராத்தானே மாட்டியிருக்காங்க."

"தலைகீழா இல்ல. இடம் வலமா மாறியிருக்கு."

"ஆணியில மாட்டின படம் எப்படிடி இடம் வலமா மாறும்?"

அதுதான் சரியான கேள்வி. மாறாது. படத்தின் கீழ்மூலையில் ஓவியரின் கையெழுத்து இருந்தது, நேராக, எழுத்துக்கூட்டிப் படிக்கிற மாதிரி. எங்கள் ஸ்லைடில் அந்த மூலை இல்லை, அட்டைச் சட்டம் ஓரங்களை விழுங்கிவிட்டிருந்தது. அடியில் ஒரு பித்தளைத் தகட்டில் 'பாலம்' என்று மட்டும் எழுதியிருந்தது. வேறு பெயர் இல்லை.

சுவரிலிருந்த படம் சரி. ஸ்லைடுதான் பின்பக்கமாகப் போட்டது. அட்டைக்குள் வைத்த கண்ணாடி போன்ற பிலிம் துண்டு அது, எந்தப் பக்கம் போட்டாலும் திரையில் படம் விழும். புத்தகங்களில் அச்சானதும் அந்த ஸ்லைடு, பாடப்புத்தகத்தில் கட்டைவிரல் அளவில் வந்ததும் அது, இணையத்தில் கிடைப்பதும் அதையே ஸ்கேன் செய்தது. புத்தகம் படித்தவர்கள் இந்த அறைக்கு வரவில்லை. இந்த அறையில் உட்கார்ந்தவர்கள் புத்தகம் படிக்கவில்லை. புத்தகம் படித்திருந்த ஒரே ஒரு எழுத்தரிடம் கேட்டேன். புத்தகத்தில் இருப்பது வேறு ஏதோ படம் என்று நினைத்ததாகச் சொன்னார்.

குன்றைப் பார்த்து நின்றேன். முகம் வடக்கே. வலது கை கிழக்கு. கிழக்கே ஊர்.

"சித்தி, இவங்க ஊரை விட்டுப் போகல. ஊருக்குத் திரும்பி வர்றாங்க."

"கதவத் தூக்கிக்கிட்டா?"

"தண்ணி வர்றப்ப கழற்றி மேட்டுக்குக் கொண்டுபோயிருப்பாங்க. இப்ப மாட்டுறதுக்குக் கொண்டுவர்றாங்க."

சித்தி கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்தாள். "அப்ப நாங்க எங்கேயிருந்தும் வரலையா?" என்று கேட்டாள்.

அளவெடுத்தேன். இரண்டு புத்தகத்திலும் இருந்தது தப்பு. அதைப் பற்றி அப்போது எனக்குக் கவலையே வரவில்லை.

திரும்பி வந்ததும் ஸ்லைடு அலமாரியைத் திறந்தேன். உலகமே கம்ப்யூட்டருக்குப் போன பிறகும் சார் ஸ்லைடை விடவில்லை. எது முன்பக்கம் என்று தெரிவதற்காக ஒவ்வொரு ஸ்லைடின் மூலையிலும் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டியிருப்பார்கள். அந்த ஸ்லைடிலும் பொட்டு இருந்தது, தப்பான பக்கத்தில். அதன் மேல் சாரின் கையெழுத்தில் குட்டியாக 'முன்' என்று எழுதியிருந்தது. தலையில் அடித்துக்கொண்டேன்.

வாய்மொழித் தேர்வுக்கு இரண்டு வாரம் இருந்தது. முதலில் கீழ்மாடிக்குப் போய் மேடத்திடம் போனில் எடுத்த படத்தைக் காட்டினேன். மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார், கழற்றிவிட்டுப் பார்த்தார். கையெழுத்து தெரிகிற மூலையைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. அதை நான் அங்கே எதிர்பார்க்கவில்லை.

"அப்ப அவரோட அத்தியாயம் போச்சு," என்றார். "கடைசிப் பார்வை!"

"உங்க புத்தகமும் மேடம்..."

"என் வாதம் படத்தை நம்பி இல்ல. நான் பதிவேட்டை வெச்சு எழுதினது."

"பதிவேட்டுல அதே குடும்பப் பெயர்தான் மேடம் இருக்கு."

மேடம் வாயைத் திறந்தார். மூடினார். 'வீட்டோடு பெயரையும் எடுத்துக்கொண்டார்கள்' என்று தானே எழுதிய வரி அவருக்கு ஞாபகம் வந்தது எனக்கு நன்றாகவே தெரிந்தது. "சாருக்குச் சொல்லிட்டியா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்ல."

"சொல்லாதே. அவர் இந்த வருஷத்தோட ரிட்டையர் ஆறார். அந்தப் படத்தைத்தான் அவர் வாழ்க்கையில ஒரே சாதனைன்னு நினைச்சிட்டிருக்கார். நல்லபடியா போகட்டும். நீ வழக்கமா எல்லாரும் எழுதுறதை எழுது, நாங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போடறோம், பட்டத்தை வாங்கிக்கோ. அப்புறம் நாம ஒரு கட்டுரையா எழுதிக்கலாம்." கொஞ்சம் நிறுத்தி, "இதை இப்ப கிளப்பினா அவர் கையெழுத்துப் போட மாட்டார். என்னாலயும் போட முடியாது, தன் புத்தகமே தப்புன்னு எந்தத் துறைத்தலைவி கையெழுத்துப் போடுவா?" என்றார்.

இதில் மேடத்தைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சாரைப் பற்றி அவர் சொன்னதில் உண்மையான கரிசனம் இருந்தது. இரண்டு மாடிக்கும் நடுவில் அப்படி ஒன்று இருக்கும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். வீட்டுக்கு வந்து சித்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "உனக்குப் பட்டம் வேணுமா வேணாமா?" என்று கேட்டாள். வேணும் என்றேன். "அப்ப பேசாம இரு" என்றாள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, "பேசாம இருந்தா அந்தப் பலகை அப்படியே இருக்கும் இல்ல?" என்று கேட்டாள்.

ஆய்வேட்டை வழக்கம்போல்தான் எழுதிக் கொடுத்தேன். யார் எழுதினாலும் அதே நூறு பக்கம். சார் படித்துவிட்டு ஓரத்தில் 'அருமை' என்று எழுதியிருந்தார். அதைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எங்கள் வாய்மொழித் தேர்வில் ஒரு வழக்கம் உண்டு. மாணவர் தானே ஸ்லைடைப் புரொஜெக்டரில் போட்டு, யார் என்ன எழுதினார்கள் என்பதையெல்லாம் விட்டுவிட்டு, திரையில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்ல வேண்டும். சார் வைத்த வழக்கம். அன்று மேடமும் சாரும் முன்வரிசையில் இருந்தார்கள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒருவரும் இருந்தார். நாட்டில் வேறெங்கும் இப்படி ஒரு கூட்டுப் படிப்பு இல்லாததால் பொருளாதாரத்திலிருந்து ஒருவரை அனுப்பியிருந்தார்கள். அவர் வந்ததிலிருந்து ரயில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

விளக்கை அணைத்தார்கள். ஸ்லைடு கையில் இருந்தது. சிவப்புப் பொட்டை விரலால் தடவிப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லச் சொல்லிக் கொடுத்தவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார், அவர் முன்னால் கண்ணுக்குத் தெரிந்ததை மறைக்க எனக்குக் கை வரவில்லை. ஸ்லைடைத் திருப்பிப் போட்டேன்.

திரையில் ஜனங்கள் வலது பக்கம் நடந்தார்கள்.

"ஸ்லைடு திரும்பிடுச்சும்மா," என்றார் சார். "மாத்திப் போடு."

"சரியாத்தான் சார் இருக்கு."

"பதட்டப்படாதே, எல்லாருக்கும் நடக்கிறதுதான்." எழுந்து வந்து, ஸ்லைடை எடுத்து, பொட்டைப் பார்த்து, மாற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். ஜனங்கள் இடது பக்கம் போனார்கள். நான் ஸ்லைடை எடுத்துத் திரும்பவும் போட்டேன். அவர்கள் வலது பக்கம் வந்தார்கள். சார் மறுபடி எழுந்தார். பொருளாதாரத் தேர்வாளர் முதல் முறையாக ரயில் நேரத்தை விட்டுவிட்டுத் திரையைப் பார்த்தார்.

"சார், நான் போய்ப் பாத்துட்டு வந்தேன்," என்றேன். போனிலிருந்த படத்தை அவரிடம் நீட்டினேன். கையெழுத்து தெரிகிற மூலையை அவரே பெரிதாக்கினார். மேடம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சார் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் நாற்காலிக்குப் போனார். எனக்கு அவர் கத்தினால் தேவலை என்று இருந்தது.

"சொல்லு," என்றார். "என்ன தெரியுது?"

"பாலத்துல ஜனங்க நடக்கிறாங்க. ஊருக்கு உள்ள வர்றாங்க. கதவுகளைத் தூக்கிட்டு வர்றாங்க. தொட்டில் வருது."

"அந்தப் பொண்ணு?"

குரலில் ஒன்றும் காட்டாமல்தான் கேட்டார். ஆனால் ஒரு முழு அத்தியாயம் அந்தக் கேள்வியில் இருந்தது.

"திரும்பிப் பாக்குறா சார். ஊரை இல்ல. ஊர் அவளுக்கு முன்னால இருக்கு. பின்னாடி வர்றவங்க எல்லாரும் வர்றாங்களான்னு பாக்குறா."

சார் திரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். பிறகு, யாரிடமும் இல்லாமல், "முப்பது வருஷமா நான் இவங்களை ஊரை விட்டு அனுப்பிக்கிட்டே இருந்திருக்கேன்," என்றார்.

பொருளாதாரத் தேர்வாளர் லேசாகக் கனைத்து, மாணவி தேறினாரா இல்லையா என்று கேட்டார். நான் எழுதிக் கொடுத்த ஆய்வேட்டில் ஒன்று இருக்கிறது, வாயால் சொன்னது அதற்கு நேர் எதிராக இருக்கிறது, எதற்கு மதிப்பெண் என்றும் கேட்டார். நியாயமான கேள்விதான். மேடம் சாரைப் பார்த்தார்.

"நான் இப்ப கையெழுத்துப் போட மாட்டேன்," என்றார் சார்.

எனக்குப் பட்டம் போய்விட்டது என்று நினைத்தேன்.

"படத்தைப் பாக்காமலே இத்தனை வருஷமா போட்டாச்சு. இந்தத் தடவை பாத்துட்டுப் போடறேன்."

அடுத்த நாள் சித்தியின் காரில் நால்வரும் போனோம். முன்னால் நானும் சித்தியும், பின்னால் இரண்டு துறைகளும். சார் ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தார். மேடம் மடியில் வரிப் பதிவேட்டின் நகலை வைத்துக்கொண்டு வந்தார். பாலத்தருகே பலகை வந்தது. மேடம் அதைப் படித்ததைப் பின்கண்ணாடியில் பார்த்தேன். சித்தி அந்த இடத்தில் தேவையே இல்லாமல் தன் பிரேக்கை ஒரு மிதி மிதித்தாள்.

மீட்டிங் அறையில் சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மற்ற யாரையும் பேச விடவில்லை. அவர் பார்த்த நேரத்தில் நீர்வாரியத்துக்காரர்கள் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்தார்கள், தங்கள் மீட்டிங்கை வராந்தாவில் நின்றபடி முடித்துக்கொண்டார்கள். முடிவில் சார் எழுந்து படத்துக்குப் பக்கத்தில் போனார்.

"மேடம், இங்க வாங்க. கதவைத் தூக்கிட்டு வர்றானே, அந்தக் கதவோட கீலைப் பாருங்க."

மேடம் குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். கதவு பழசு, வெயிலிலும் மழையிலும் கறுத்தது. கீல் மட்டும் புதுசு. ஓவியர் அதில் ஒரு துளி வெள்ளை வைத்து மின்ன விட்டிருந்தார். ஸ்லைடில் அது வெறும் தூசியாகத்தான் தெரியும்.

"போகிறவன் புதுக் கீல் வாங்க மாட்டான்," என்றார் சார்.

"ஆதாரம்," என்றார் மேடம். அந்த வார்த்தையை அவர் கேள்வியாக இல்லாமல் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

சார் திரும்பினார். கதவருகே சித்தி கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அவள் இந்த ஊர்க்காரி என்று வரும் வழியில் சொல்லியிருந்தேன்.

"தப்பு எங்க மேலதாம்மா," என்றார். "நீங்க யாரும் எங்கேயிருந்தும் வரல. உங்க வீட்டுக்குத்தான் வந்திருக்கீங்க."

"சரி சார்," என்றாள் சித்தி. "இத ஒரு தாள்ல எழுதித் தர முடியுமா?"

"பலகையை மாத்த நாங்களே முறையா எழுதுவோம்."

"பலகைக்கு இல்ல. என் மாமியாருக்கு. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து, வீட்டுல ஒரு டம்ளர் உடைஞ்சாக்கூட 'எங்கேயிருந்தோ வந்த கூட்டம்தானே'ன்னு சொல்லுவாங்க. பாடப் புத்தகத்துலயே அப்படித்தானே போட்டிருக்குன்னு நான் ஒரு நாளும் பதில் பேசினதில்ல."

சார் பையிலிருந்து தாளை எடுத்தார். "அவங்களுக்குப் படிக்கத் தெரியுமா, இல்ல நீங்க படிச்சுக் காட்டணுமா?"

"அவங்க போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாச்சு சார்," என்றாள் சித்தி. "பரவாயில்ல, எழுதுங்க."

அந்த நீளமான மேசையில் உட்கார்ந்து சார் எழுதினார். 'உங்கள் மருமகளின் முன்னோர் இந்த ஊரிலேயே பிறந்து, வெள்ளத்தின்போது வெளியேறி, இந்த ஊருக்கே திரும்பியவர்கள். மாற்றிச் சொன்னது என் தவறு.' கீழே கையெழுத்து. மேடம் தாளை வாங்கிப் படித்தார். 'என்' என்பதை அடித்துவிட்டு 'எங்கள்' என்று திருத்தினார். சாரின் கையிலிருந்த பேனாவை வாங்கி, அவர் கையெழுத்துக்குப் பக்கத்தில் தானும் போட்டார்.

சித்தி நின்றபடியே அதைப் படித்தாள், பிறகு உட்கார்ந்து படித்தாள். முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தேன். எனக்கும் நிற்கவில்லை.

அதற்கப்புறம்தான் மேடம், திருத்தம் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுவதற்காக என் ஆய்வேட்டைத் தேடினார். அது காரில் இருந்தது, சித்திதான் சாவியைக் கொடுத்தாள்.